சொனோரன் பாலையின் கோடையையும் இடிமழையையும் எதிர்கொள்ளும் வழிகள்

அமெரிக்காவின் தெற்கு அரிசோனாவில் உள்ள சொனோரன் பாலையில் ஓர் ஆண்டுக்கு இரண்டு கோடைகள் வருகின்றன. மே மாதத்தில் தொடங்கி ஜூன் இறுதிவரை நீளும் முதல் கோடையில் காற்றில் ஈரம் இருப்பதே அரிது. ஜூலைத் தொடக்கத்தையொட்டித் தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து சேர்ந்ததும், பிற்பகல்தோறும் இடிமேகம் திரளும் இரண்டாம் கோடை தொடங்கிவிடுகிறது. முதல் கோடையில் கைகொடுத்த ஏற்பாடுகள் சில இரண்டாம் கோடையில் பயனற்றுப் போகின்றன. ஆகவே ஃபீனிக்ஸிலோ டூசானிலோ புதிதாகக் குடியேறுபவர், எந்த நாளில் ஒரு கோடை முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளப் பழக வேண்டும்.

இதற்கு வெப்பமானியைவிடப் பனிநிலை உதவும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்குமோ, அதுவே அக்காற்றின் பனிநிலை. அது உயர்ந்திருந்தால் காற்றில் ஈரம் மிகுதி, தாழ்ந்திருந்தால் வறட்சி. தினசரி வானிலை அறிக்கையில் இந்த எண்ணும் இடம்பெறும். முற்காலத்தில் தேசிய வானிலைச் சேவை, நாளின் சராசரிப் பனிநிலை ஃபீனிக்ஸில் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டையும் டூசானில் 54 டிகிரியையும் (ஏறத்தாழ 12 முதல் 13 டிகிரி செல்சியஸ்) தொடர்ந்து மூன்று நாட்கள் எட்டினால்தான் பருவமழை தொடங்கியதாகக் கணக்கிட்டது. 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று நாட்காட்டியில் வரையறுத்துவிட்டார்கள். எச்சரிக்கை செய்வதற்கு இந்தப் புதிய முறை எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டை நடத்துவதற்குப் பழைய கணக்கே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

முதல் கோடையின் பெரிய ஆபத்து, வியர்வை கண்ணுக்குத் தெரியாமல் போவது. கடலோரப் புழுக்கத்துக்குப் பழகியவர்கள் சட்டை நனைவதை வைத்தே உடலின் நீரிழப்பை மதிப்பிடுவார்கள். இங்கோ வியர்வை தோலை விட்டு வெளிவந்த உடனேயே ஆவியாகிவிடுவதால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீரை இழந்தவரும் தமக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நெடுநேரம் வெளியில் உழைப்பவர்கள் உப்புள்ள உணவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் உடலுக்குத் தீங்கு செய்யும். வெளிவேலைகளையும் நடைப்பயிற்சியையும் விடியலை ஒட்டியே முடித்துவிடுவது நல்லது. கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் ஃபீனிக்ஸ் நகராட்சியே கேமல்பேக் மலைப்பாதைகளைப் பகல் வேளையில் மூடிவிடுகிறது. தார்ச்சாலையில் சிறிது நேரம் விழுந்து கிடந்தாலே தோல் வெந்துபோகும் என்பதால் முதியவர்களையும், காலணியின்றி ஓடும் குழந்தைகளையும், நாய்களையும் பகலில் தனியே வெளியே விடக் கூடாது.

ஃபீனிக்ஸில் 1990 ஜூன் 26 அன்று பதிவான 122 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 50 டிகிரி செல்சியஸ், அந்நகரின் உச்ச வெப்பம். ஆனால் ஒரு நாளின் உச்சத்தைவிட, இரவிலும் தணியாமல் நாட்கணக்கில் தொடரும் வெப்பமே மனிதரைக் கொல்கிறது. 2023-இல் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத உச்ச வெப்பம் பதிவானது. அந்த ஆண்டில் ஃபீனிக்ஸ் அமைந்துள்ள மரிகோபா மாவட்டத்தில் மட்டும் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தனர். இங்கே ஏசி பழுதாவது உயிர்ப் பிரச்சினை என்பதால், ஏப்ரல் மாதத்துக்குள் அதைப் பழுதுபார்த்து வடிகட்டியை மாற்றிவிடுங்கள். ஏசியின் மோட்டார் ஓட உதவும், வெயிலில் அடிக்கடி செயலிழக்கும் கெப்பாசிட்டர் என்ற மின்பாகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மேற்குச் சன்னல்களுக்கு உட்புறத் திரையைவிட வெளிப்புற மறைப்பே பலன் தரும், ஏனெனில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெப்பத்தைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறித் தடுமாறினாலோ நினைவிழந்தாலோ அது வெப்பத்தாக்கு என்று கொண்டு, உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை குளிர்ந்த நீராலும் பனிக்கட்டியாலும் அவர் உடலைக் குளிர்விக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

டூசானின் பழைய வீடுகள் பலவற்றில் கூரைமேல் ஏர்கூலர் இருக்கும். நனைந்த திண்டுகளின் வழியே காற்றை இழுத்து, நீர் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்வதைப் பயன்படுத்தும் இக்கருவி, வறண்ட ஜூன் மாதத்தில் ஏசியைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் வீட்டைக் குளிர வைக்கும். உள்ளே வரும் காற்று வெளியேற வேண்டும் என்பதால் சன்னல்களைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். பனிநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆவியாதல் மந்தமாகி, வீட்டில் புழுக்கத்தைச் சேர்ப்பதே அக்கருவியின் வேலையாகிவிடும். அன்றே அதை நிறுத்தி, சன்னல்களை மூடி, ஏசிக்கு மாறுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால், ஏர்கூலர் சேர்க்கும் ஈரத்தை நீக்குவதிலேயே ஏசியின் ஆற்றல் வீணாகும்.

இனி இடிமழை. கொதிக்கும் நிலத்தின்மேல் காற்றழுத்தம் குறைந்து, உயரத்திலுள்ள உயரழுத்த மண்டலமும் வடக்கே நகரும்போது, கலிஃபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோவை ஒட்டிய கடல்களிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே வருகிறது. காலையிலேயே மலைகளின்மேல் மேகம் குவியத் தொடங்கினால் பிற்பகல் பயணத்தைத் தள்ளிவைப்பது அறிவுடைமை. இடியோசை கேட்டதும் வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ சென்று, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் வெளியே வராமல் இருங்கள்.

மேகத்திலிருந்து இறங்கும் மழை வறண்ட காற்றில் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க, எடை கூடிய அக்காற்று தரையில் மோதிச் சிதறும்போது புழுதிச் சுவர் எழுகிறது. 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய புழுதிப்புயல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. நெடுஞ்சாலையில் அப்படி ஒன்று எதிர்ப்பட்டால் சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்தி, விளக்குகள் அனைத்தையும் அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, கால்பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கை அணைப்பது தவறாகத் தோன்றலாம்; ஆனால் பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பித் தொடர்ந்து வந்து மோதுவார். புழுதியோடு, நுரையீரலைத் தாக்கும் பள்ளத்தாக்குக் காய்ச்சலைத் தரும் பூஞ்சையின் விதைத்துகள்களும் பறக்கக்கூடும். வாரக்கணக்கில் இருமலும் சோர்வும் நீடித்தால், இப்பாலையில் வசிப்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஓடைகளில், உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைவில் பெய்த மழை பெருக்கெடுத்து வரும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீர் வளர்ந்தவரையே வீழ்த்திவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொள்பவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டமே உள்ளது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும்; அதுவரை காத்திருங்கள்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் இந்த மழை வரவேற்கத் தக்கதே. டூசானின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்தச் சில மாதங்களில்தான் கிடைக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,500 லிட்டர் நீர் இறங்கும். அதை வீதிக்கு ஓடவிடாமல், வீட்டின் அடித்தளத்திலிருந்து சில மீட்டர் தள்ளி ஆழமில்லாத பள்ளங்கள் வெட்டி, அவற்றின் ஓரத்தில் மெஸ்கீட் போன்ற மண்ணுக்குரிய மரங்களை நடுங்கள். கொசு பெருகாதிருக்க, ஒரு நாளுக்குள் நீர் மண்ணில் இறங்கிவிட வேண்டும். இப்பாலையின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓத்தம் மக்கள் இப்படிப் பாய்ந்து வரும் வெள்ளநீரைத் தேக்கித்தான் டெப்பரி அவரையைப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் மழையை மட்டுமே நம்பி நாற்றுகளை விட்டுவிடாதீர்கள்: 2020-இல் பருவமழை ஏறக்குறைய பொய்த்தது; அடுத்த ஆண்டு ஜூலையிலோ டூசானில் 8 அங்குலத்துக்கு மேல் கொட்டி, அந்நகரின் பதிவுகளிலேயே மிக அதிக மழை பெய்த மாதமாயிற்று.

செப்டம்பர் பிற்பகுதியில் பனிநிலை மீண்டும் 55 டிகிரிக்குக் கீழே இறங்கி அங்கேயே நிலைத்ததும் ஏர்கூலரின் திண்டுகளைக் கழுவி மறுபடி ஓட்டலாம். பள்ளங்களில் படிந்த வண்டலை வாரி மரங்களின் அடியில் போட்டுவிட்டால், குளிர்கால மழைக்கும் அவை தயாராக இருக்கும்.