பேட்டனை வாங்க ஆளில்லை: 24 மணி நேர சைக்கிள் ரிலேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த பிப்ரவரியில் எங்கள் டென்ட்டுக்குப் பக்கத்தில் நாலு பசங்க இறங்கியிருந்தார்கள். பீனிக்ஸ் பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பசங்கதான். நல்ல சைக்கிள், நல்ல கால், எல்லாம் புதுசு. விடியற்காலை 3 மணி வாக்கில் அவர்களில் ஒருவன் எங்கள் டென்ட் கயிறு தடுக்கி விழுந்தான். கையில் பேட்டன். "அண்ணா, எங்க ஆள் யாரையாச்சும் பார்த்தீங்களா?"

எனக்குப் பாவமாக இல்லை, எரிச்சல்தான் வந்தது. ஆறு வருடம் முன்பு அதே மைதானத்தில் இதே மாதிரி தூங்கிப்போய் ஒரு டீமைக் கவிழ்த்தவன் நான்.

பந்தயம் தெரியாதவர்களுக்கு: அரிசோனாவில் டூசான் நகருக்கு வடக்கே, ஓரக்கிள் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், பாலைவனப் பண்ணை நிலத்தில் நடக்கும் 24 மணி நேர மவுன்டன் பைக் ரிலே. டூசானின் பட்டப்பெயர் ஓல்ட் பியூப்ளோ. அதையே பந்தயத்துக்கும் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை நண்பகலில் ஆரம்பித்து ஞாயிறு நண்பகல் வரை, ஒரு சுற்று சுமார் 26 கிலோமீட்டர். ஒரு நேரத்தில் டீமில் ஒருவர்தான் பாதையில் இருக்கலாம். அவர் வந்து பேட்டனைக் கொடுத்த பிறகே அடுத்தவர் கிளம்ப முடியும். இந்த மாதிரி ரிலேக்கு அமெரிக்காவில் வழி போட்டவர் லேர்ட் நைட். 1992-இல் மேற்கு வர்ஜீனியாவில் முதல் பந்தயத்தை நடத்தினார்.

தண்ணீர் குடியுங்கள், புது ஷூவில் ஓட்டாதீர்கள், ஹெல்மெட் பட்டையை மாட்டுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இங்கே வரை வரமாட்டார்.

முதல் சுற்றிலேயே வீரம் காட்டுவது

ஆரம்பமே ஓட்டப்பந்தயம். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லோரும் தூரத்திலிருந்து ஓடிவந்து ஏறவேண்டும். டீமிலேயே வேகமான ஆளை முதலில் அனுப்ப எல்லோருக்கும் ஆசை. அனுப்புங்கள், ஆனால் அவர் ஓடத் தெரிந்தவரா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஈரோட்டுக்காரர் சைக்கிளில் புலி. சைக்கிள் ஷூவோடு மண்ணில் ஓடி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, முதல் சுற்றை நொண்டிக்கொண்டே முடித்தார். ஞாயிறு காலை வரை அந்தக் கால் சரியாகவில்லை.

பேட்டனை வாங்க ஆளில்லாமல் போவது

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

நான் தூங்கிப்போன அந்த வருடம் நாங்கள் நாலு பேர். பகலில் ஒரு சுற்று சராசரியாக 1 மணி 25 நிமிடம். அதையே வைத்து ராத்திரிக்கும் அட்டவணை போட்டு, பிரிண்ட் எடுத்து, டென்ட்டில் ஒட்டியும் விட்டோம். ராத்திரியில் யாரும் அந்த வேகத்தில் ஓட்ட மாட்டார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு பேருமே சாஃப்ட்வேர்காரர்கள், எக்செல் சொன்னால் வேதம்.

என் முறை விடியற்காலை 2:10. சரியாக 2 மணிக்கு, ஆள் மாறும் கூடாரத்தில் போய் நின்றேன். பகலில் டி-ஷர்ட் போதும் என்று இருந்த இடம், அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் மேல் பனி படிந்திருந்தது. 2:10 ஆனது, 2:25 ஆனது. மதுரைக்காரன் வரவில்லை. பல் கிட்டிக்கொண்டது. 'அஞ்சு நிமிஷம் காருக்குள் உட்கார்ந்து கையைச் சூடாக்கிக்கொண்டு வந்துவிடலாம்' என்று போனேன். ஹீட்டரைப் போட்டேன். அவ்வளவுதான்.

மதுரைக்காரனுக்கு வழியில் பஞ்சர். அவன் கூடாரத்துக்குள் வந்தது 2:40-க்கு. எங்கள் டீம் நம்பரைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். அப்புறம் டென்ட்டுக்கு ஓடியிருக்கிறான், அங்கே என் படுக்கை காலி. காரில் இருப்பேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போன் செய்திருக்கிறான். என் போன் தலைமாட்டில், சைலன்ட்டில் கிடந்தது. தூங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேரையும் எழுப்பி, மூன்று பேருமாகத் தேடி, கார் கண்ணாடியைத் தட்டி என்னை எழுப்பும்போது மணி 3:30. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

50 நிமிடம்தானே என்று நினைக்கலாம். அங்கே கணக்கு வேறு. நண்பகல் 12-க்கு முன்னால் ஒருவர் சுற்றை முடித்து வந்தால் அடுத்தவரை அனுப்பலாம். தாண்டிவிட்டால் பந்தயம் முடிந்தது. எங்கள் கடைசி ஆள் வந்தது 12:20-க்கு. அந்த 50 நிமிடம் இருந்திருந்தால் 11:30-க்கு வந்திருப்பார், இன்னொரு சுற்று போயிருப்போம். மூன்று பேர் ராத்திரி முழுக்க ஒவ்வொரு நிமிடமாகப் பிடித்து வைத்ததை, நான் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து தொலைத்தேன். அந்த 20 நிமிடம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் கண்டுபிடித்த முறை இது. இருட்டியதும் ஆளுக்கு ஒரு சுற்று என்பதை நிறுத்திவிடுங்கள். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு சுற்று ஓட்டட்டும். ராத்திரிச் சுற்று 1:45 என்று வைத்துக்கொண்டால் இரண்டு சுற்றுக்கு மூன்றரை மணி நேரம், நாலு பேருக்குப் பதினாலு மணி நேரம். பிப்ரவரி நடுவில் அங்கே மாலை 6 தாண்டி சூரியன் மறைந்தால், உதிக்க மறுநாள் காலை 7 ஆகிறது. ஆளுக்கு ஒரு முறை ஓட்டினாலே இருட்டு முடிந்துவிடும். ஒற்றைச் சுற்று முறையில் ஓய்வு 5 மணி 15 நிமிடம். உடை மாற்றி, சாப்பிட்டு, அடுத்த முறைக்குத் தயாராகும் நேரத்தைக் கழித்தால் தூக்கம் இரண்டு மணி நேரம் தேறினால் அதிகம். இரட்டைச் சுற்றில் பத்தரை மணி நேரம் கிடைக்கிறது. இரண்டாவது சுற்றில் கால் கொஞ்சம் கனக்கும், வேகம் குறையும், அது உண்மை. ஆனால் ராத்திரியில் எட்டு தடவை மாற வேண்டிய பேட்டன் நாலு தடவைதான் மாறுகிறது. சொதப்ப வாய்ப்பும் பாதி.

எழுப்புவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். அலாரத்தை நம்பாதீர்கள். ஓட்டி முடித்து வந்தவர் உடை மாற்றி, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, அடுத்து ஓட்டப்போகிறவரை எழுப்பிவிட்டுத்தான் படுக்க வேண்டும். எழுப்புவது என்றால் 'ம்ம்' என்ற சத்தம் கேட்பது இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, ஷூவை மாட்டும் வரை பக்கத்திலேயே நிற்பது. எழுந்தவருக்கு முதல் வேலை, பாதையில் இருப்பவர் முதல் சுற்றை முடித்துக் கூடாரம் வழியாகப் போகும்போது மாற்று லைட் பேட்டரியைக் கையில் கொடுப்பது. அவர் எப்படி ஓட்டுகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது எக்செல் இல்லாமலே அங்கே தெரிந்துவிடும். பேட்டரி கொடுக்க வரவேண்டும் என்றால் தூங்கவும் முடியாது.

அப்புறம், கூடாரத்துக்கு வந்துவிட்டால் குளிருக்காக எங்கேயும் போகக் கூடாது. ஒரு ரஜாயைக் கையோடு கொண்டு வாருங்கள். போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பக்கத்து டென்ட் பசங்களிடம் சனிக்கிழமை மத்தியானமே இதையெல்லாம் சொன்னேன். "ஓகேண்ணா, நாங்க நாலு அலாரம் வச்சிருக்கோம்" என்றார்கள்.

ஒரே ஒரு லைட்

ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. இரண்டும் வேண்டும். ஹேண்டில்பார் லைட் சக்கரம் போகும் திசையைத்தான் காட்டும், வளைவில் உங்களுக்குப் பார்க்கவேண்டியது வேறு பக்கம் இருக்கும். ஏற்றத்தில் வெளிச்சத்தைக் குறையுங்கள். மெதுவாகத்தானே போகிறீர்கள், எதற்கு பேட்டரியை எரிக்க வேண்டும்? குளிரில் பேட்டரி, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு வராது. மாற்று பேட்டரியைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

சோயா

மீல்மேக்கர் இல்லை, கள்ளி. லேசாக உரசினாலே ஒரு கணு தனியாகக் கழன்று வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முள் முழுக்கப் பின்பக்கம் பார்த்த நுண்ணிய செதில்கள் இருப்பதால் எளிதில் வராது, கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறும். நான் ஒரு தடவை முழங்காலில் இருந்ததை எடுக்கப்போய், கையுறையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு வயதான அம்மா சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, கணுவுக்கு அடியில் விட்டு ஒரே சுண்டு. போய்விட்டது. "புதுசா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

சீப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் டயரோடு வருவது

வராதீர்கள்.

24 மணி நேரமும் இனிப்பு

ஜெல், எனர்ஜி பார், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எல்லாம் சாயங்காலம் வரைக்கும் இறங்கும். நள்ளிரவுக்கு மேல் கவரைப் பிரித்தாலே குமட்டும். எங்களிடம் இப்போது இரண்டு பெரிய ஃபிளாஸ்க் நிறைய மிளகு ரசம் இருக்கிறது. பக்கத்து டென்ட்களில் வருடாவருடம் அதற்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள்.

ஒரே சைக்கிள் டிராயரை மறுபடி போடுவது

ஒருமுறை செய்துபாருங்கள், திங்கட்கிழமை ஆபீஸில் நின்றுகொண்டே வேலை பார்ப்பீர்கள்.

12 மணிக்கு முன்பே முடித்துவிட்டதாக நினைப்பது

ஞாயிறு காலை 11 மணிக்கு மேல் எல்லா டென்ட்டிலும் ஒரு தளர்ச்சி வரும். பியர் கேன் திறக்கும் சத்தம் கேட்கும். கடைசி ஆள் எப்படியும் 12 தாண்டித்தான் வருவார் என்று கணக்குப் போட்டு, மற்றவர்கள் உடை மாற்றிவிடுவார்கள். வெளிச்சம் வந்ததும் கால்களுக்குப் புது உயிர் வருவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பக்கத்து டென்ட் பசங்களுக்கு இதுவும் நடந்தது. ராத்திரி பேட்டனோடு எங்கள் கயிற்றில் விழுந்த அதே பையன்தான் கடைசிச் சுற்று. வெறி பிடித்த மாதிரி ஓட்டி 11:56-க்குக் கூடாரத்துக்குள் வந்துவிட்டான். மற்ற மூன்று பேரும் குளித்து முடித்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். ஒருவன் பாதி சமோசாவோடு. நான்கு நிமிடம் இருக்கிறது, யாருக்கும் பேச்சு வரவில்லை. ராத்திரி தூங்கிப்போனவன் சமோசாவை என் கையில் திணித்துவிட்டு, ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, ஜீன்ஸோடு கிளம்பினான். 11:59.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். ஜீன்ஸின் பின்பக்கம் முழுக்க சோயா. சீப்பு எங்களிடம் இருந்தது.