வேதாளத்துக்கு இரண்டே விதி: மிகுபுனைவு நாவல் எழுதப் பழகுபவர்களுக்கு

விக்கிரமாதித்தன் சுமந்துவரும் வேதாளம் கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்கும். அரசன் வாய் திறந்தால் அது மறுபடி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். விடை தெரிந்தும் வாய் மூடியிருந்தால் தலை வெடித்துவிடும். இந்த இரண்டு விதியும் முட்டிக்கொள்வதால்தான் அத்தனை கதையும் ஓடுகிறது. புதிதாக மிகுபுனைவு, அதாவது ஃபேண்டஸி, எழுதுபவர்கள் பெரும்பாலும் நாயகனால் முடிந்ததை நாலு பக்கம் எழுதுவார்கள், முடியாததை ஒரு வரிகூட எழுதுவதில்லை. பத்தாவது அத்தியாயத்தில் எந்த ஆபத்தும் அவனைத் தொடாது. வேறு வழியில்லாமல் அவன் சக்தியைப் பிடுங்க வேண்டிவரும். வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

படிக்கும்போதே இதைக் கவனித்துப் பழகுங்கள். பிடித்த நாவலை முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, மாயத்தால் ஆவது, ஆகாதது, அதற்குக் கொடுக்கும் விலை என்று பக்க எண்ணோடு குறித்துவாருங்கள். ஒரு விதி எந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டது, எந்தப் பக்கத்தில் பயன்பட்டது என்பதே முக்கியம். இரண்டும் அடுத்தடுத்த பக்கமாக இருந்தால் எழுத்தாளர் அவசரத்துக்கு விதி செய்திருக்கிறார். கைதேர்ந்தவர்கள் நூறு பக்கம் முன்னாலேயே, யாரும் பொருட்படுத்தாத ஒரு கேலிப்பேச்சில் அதை ஒளித்துவைத்திருப்பார்கள். இப்படி மூன்று நூலாவது பிரித்துப் பாருங்கள். அதில் ஒன்று பாட்டி சொல்லும் கதையாக இருக்கட்டும்.

எழுதும்போது விலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு குயவரால் இறந்தவர் குரலைப் பானைக்குள் பிடித்துவைக்க முடியும் என்று வையுங்கள். ஒவ்வொரு பானைக்கும் தனக்குத் தெரிந்த ஒரு பெயர் அவருக்கு மறந்துபோகும். உடனே கேள்விகள் வரிசைகட்டும். சொத்துத் தகராறில் செத்தவன் குரல் சாட்சியாகுமா? பானையை உடைப்பது கொலையா? அவர் எந்தப் பெயரைக் கடைசிவரை காப்பாற்றப் பார்ப்பார்? இப்படி ஐந்து கேள்வியாவது எழவில்லையென்றால் விலை மலிவாக இருக்கிறது என்று பொருள், கூட்டுங்கள்.

அடுத்தது கணக்கு. பறக்கும் குதிரையை நம்புகிற வாசகர், ஆயிரம் பேர் படை சோறில்லாமல் ஒரு மாதம் நடப்பதை நம்பமாட்டார். ஆளுக்கு முக்கால் கிலோ அரிசி என்றாலும் நாளுக்கு 750 கிலோ. முப்பது நாளுக்கு 22 டன்னுக்கு மேல், அதற்கு வண்டி, மாட்டுக்குத் தீவனம் வேறு. நடந்து போகிறவருக்கு ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர். வரைபடத்தில் ஊர்களுக்கு இடையே இந்த நாள்கணக்கை எழுதிவிடுங்கள். நள்ளிரவில் மூன்றாம் பிறையைக் காட்டாதீர்கள். அது அந்தி மங்கி முன்னிரவிலேயே மேற்கே மறைந்துவிடும்.

பெயர் வைப்பதில் தமிழே ஒரு கருவி தருகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது என்கிறது இலக்கணம். உங்கள் மலைக்கு அப்பாலுள்ள இனத்துக்கு மட்டும் ‘ழ’வில் தொடங்கும் பெயர்கள் கொடுத்தால், விளக்கம் இல்லாமலே அவர்கள் அந்நியர் என்று காதுக்குத் தெரியும். ஆனால் முதல் ஆயிரம் சொல்லுக்குள் புதுப் பெயர் மூன்றுக்கு மேல் வேண்டாம். அளவையிலும் கலப்படம் கூடாது. நாழிகை (24 நிமிடம்), சாமம் (3 மணி நேரம்) என்று தொடங்கினால் ‘ஐந்து நிமிடத்தில் வந்தான்’ என்று வழுக்கிவிடாதீர்கள். ‘தாங்கள்’, ‘வாருங்கள் மன்னா’ வகைப் பேச்சு இரண்டு பக்கத்தில் சலித்துவிடும். குயவரும் அவர் மகளும் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும்.

80,000 சொல் நாவலுக்கு நாள் 500 சொல் என்றால் 160 நாள். விதியைத் திருத்தத் தோன்றினால் ஓரத்தில் குறித்துவிட்டு மேலே போங்கள். திரும்பிப் போய்த் திருத்த ஆரம்பித்தால் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டமாட்டீர்கள்.

முடிவுக்கு மறுபடி வேதாளத்திடம் போகலாம். கடைசிக் கதையில் அரசனுக்கு விடையே தெரியவில்லை. அதனால் பேசவில்லை, தலையும் வெடிக்கவில்லை. புது மந்திரம் எதுவும் வரவில்லை. முதலில் சொன்ன ‘விடை தெரிந்தும்’ என்ற இடுக்கில்தான் கதை முடிகிறது. உங்கள் விதியிலும் அப்படி ஓர் இடுக்கு இருக்கிறதா என்று முதல் அத்தியாயம் எழுதும் முன்பே பார்த்துவையுங்கள்.