தடித்த உல்லன் நூலில் சுலபமான ஸ்கார்ஃப்: சீட் ஸ்டிச் செய்முறை

வேலூர்க்காரிக்கு உல்லன் ஸ்கார்ஃப் எதற்கு என்று கேட்பவர்கள் டிசம்பரில் ஏலகிரியில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். அதுவும் போக, காட்பாடியில் ரயிலேறி வடக்கே படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளை நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில்! நான் பின்னியது டெல்லியில் இருக்கும் அக்கா மகனுக்கு.

சீட் ஸ்டிச் என்பது நிட்டும் பர்லும் மாற்றி மாற்றிப் போட்டு, தானியம் இறைத்த மாதிரி புடைப்பு புடைப்பாக வரும் பின்னல். காஸ்ட் ஆன் (ஊசியில் முதல் கண்ணிகளை ஏற்றுவது), நிட், பர்ல் (இரண்டு அடிப்படைக் கண்ணிகள்) மூன்றும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தெரியாதென்றால் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வாருங்கள். எழுத்தில் படித்து அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

நூலும் ஊசியும்

நூல் தடிமனாக இருக்க வேண்டும். லேபிளில் பல்க்கி அல்லது சங்கி என்று போட்டிருக்கும். 5 என்ற எண்ணும் இருக்கலாம். 100 கிராமில் சுமார் 100 மீட்டர் வரும் நூலென்றால் 200 கிராம் போதும். வெளிர் நிறம் வாங்குங்கள். கறுப்பில் கண்ணியே தெரியாது. பல வண்ணம் கலந்த நூலில், பாடுபட்டுப் போட்ட புடைப்பெல்லாம் மறைந்துபோகும்.

ஊசி வாங்குவதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் கடைகளில் பெரும்பாலும் பழைய இங்கிலாந்து நம்பர்தான் புழங்குகிறது. அந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். “எட்டு குடுங்க” என்று கேட்டால் 4 மி.மீ. ஊசியைத் தருவார்கள். நமக்கு வேண்டியது 8 மி.மீ.; அது இங்கிலாந்துக் கணக்கில் 0, அமெரிக்கக் கணக்கில் 11. நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். வாங்கும் முன் ஊசியின் தலையிலோ அட்டையிலோ அச்சடித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய ஊசி வேண்டாம் என்பேன். வழுக்கும், புதிதாகப் பின்னுபவர்களுக்குக் கண்ணிகள் சட்டென்று உருவிக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் ஊசியில் நம் ஊர் வியர்வைக்கு நூல் ஒட்டி ஒட்டி இழுக்கிறது. மூங்கிலோ மரமோ வாங்குங்கள். நான் வைத்திருப்பது நிட்ப்ரோ மர ஊசி. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு தடவை வாங்கினால் போதும்.

ஆரம்பம்

ஒன்றரை முழம் நூலை வால் விட்டு, 17 கண்ணிகள் காஸ்ட் ஆன் செய்யுங்கள். அகலம் 15 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 15 போட்டாலும் 19 போட்டாலும் சரி, ஒற்றைப்படையாக மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் ஒவ்வொரு வரிசையும் இதுதான்: ஒரு நிட், ஒரு பர்ல், ஒரு நிட், ஒரு பர்ல், கடைசியில் நிட். திருப்பிப் பிடித்து மறுபடி நிட்டில் தொடங்குங்கள். முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் இல்லை, ஓரமும் சுருளாது. முழுக்க ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று போட்டால் ஸ்கார்ஃப் பாய் போலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் முதல் ஸ்கார்ஃபுக்கு சீட் ஸ்டிச்சைச் சொல்கிறேன்.

நூல் முன்னே, நூல் பின்னே

என்னை அதிக நேரம் உட்கார வைத்த இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

நிட் போடும்போது நூல் ஊசிக்குப் பின்னால் இருக்க வேண்டும். பர்ல் போடும்போது முன்னால், அதாவது உங்கள் பக்கம். சீட் ஸ்டிச்சில் கண்ணிக்குக் கண்ணி மாறுவதால், ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை இடம் மாற்ற வேண்டும். நிட் முடிந்ததும் இரண்டு ஊசி முனைகளுக்கும் *நடுவே* நூலை முன்னால் கொண்டுவந்து பர்ல் போடுங்கள். முடிந்ததும் அதே நடுவழியாகப் பின்னால் தள்ளி நிட் போடுங்கள்.

ஊசிக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்தால் ஊசியில் ஒரு வளையம் கூடுதலாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வரிசையில் அதையும் கண்ணி என்று நினைத்துப் பின்னினால் ஓட்டை விழும், 17 என்பது 18 ஆகும். இரட்டைப்படை ஆனதும் நிட்டுக்கு மேல் நிட், பர்லுக்கு மேல் பர்ல் வந்து உட்காரும். தானியம் இறைத்த மாதிரி இருந்த துணியில் செங்குத்தாகக் கோடு கோடாக வரி விழத் தொடங்கும். வரி தெரிந்தால் உடனே எண்ணுங்கள். கூடுதல் வளையத்தை அடுத்த வரிசையிலேயே கண்டுபிடித்துவிட்டால் பயமில்லை. ஊசியிலிருந்து நழுவ விடுங்கள், ஒன்றும் அவிழாது.

பால் பொங்குகிறதென்று நடுவில் எழுந்து போனீர்களா? எதில் விட்டோம் என்று மூளையைக் கசக்காதீர்கள், இடது ஊசியின் அடுத்த கண்ணியைப் பாருங்கள். அதன் கழுத்தடியில் குறுக்கே முடிச்சு மாதிரிப் புடைப்பு இருந்தால் நிட். வழவழவென்று இருந்தால் பர்ல். தடித்த நூலின் சௌகரியமே இதுதான், கண்ணாடி இல்லாமலே தெரியும்.

முடிப்பு

சுமார் 150 சென்டிமீட்டர் வரை பின்னுங்கள். நூல் உருண்டை தீர்ந்தால் புதியதை வரிசையின் ஓரத்தில் சேருங்கள். முடிச்சுப் போடாமல் இரண்டு பக்கமும் ஒரு சாண் வால் விடுங்கள். கண்ணி மூடும்போதும் நிட், பர்ல் மாற்றி மாற்றியே போட்டு மூடுங்கள். கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள், இறுக்கினால் அந்த முனை மட்டும் குறுகிவிடும்.

வால்களை உள்ளே செருக அகலக் காதுள்ள ஊசி வேண்டும். மளிகைக் கடை கோணி ஊசியே போதும். ஆனால் கூர்முனையை விட்டால் நூலைப் பிளக்கும். காதுப் பக்கத்தை முன்னால் விட்டுச் செருகுங்கள்.

அலசியதும் கொடியில் தொங்கவிடாதீர்கள், நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, ஃபேனுக்குக் கீழே பாயில் விரித்துக் காயவையுங்கள்.

பிறகு சேர்த்தது

நூலை ஒழுங்காக நடுவழியாகத்தான் கொண்டுவருகிறேன், ஆனாலும் கண்ணி கூடிக்கொண்டே போகிறது என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருந்தார். தப்பு ஓரத்தில் இருந்தது. துணியைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலே போட்டுப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணியே இரண்டு போலத் தெரியும். திருப்பியவுடன் நூலைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டு, ஊசிக்கு அடிவழியாகப் பின்னால் கொண்டுபோங்கள்.

ஆரணியிலிருந்து ஒரு கேள்வி: தடித்த நூல் கிடைக்கவில்லை, என்ன செய்வது? டபுள் நிட்டிங் என்ற நடுத்தரத் தடிமன் நூலை மூன்று இழையாகச் சேர்த்துப் பின்னலாம். 300 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி மூன்று இழையையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று கண்ணிக்குக் கண்ணி பார்க்க வேண்டும். ஒன்று நழுவினால் பின்பக்கம் தொங்கும்.

இன்னொருவர் அக்ரிலிக் ஸ்கார்ஃபை அயர்ன் செய்துவிட்டு, புடைப்பெல்லாம் தட்டையாகிவிட்டது, மீட்க வழியுண்டா என்று கேட்கிறார். இல்லை. சூட்டில் படிந்த அக்ரிலிக் திரும்ப எழும்பாது.