வெளிநாட்டில் போதகர் பயிற்சிப் பள்ளியைத் தாங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னொரு நாட்டில் இருக்கும் வேதாகமப் பள்ளியைத் தாங்குவோம் என்று ஒரு சபை தீர்மானிக்கும்போது, கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு மிஷனரியை அனுப்பினால் அவர் மொழி படிக்கவே சில வருஷம் ஆகும். அதே செலவில் அந்த மண்ணின் ஆட்கள் பலருக்குப் பயிற்சி கொடுக்கலாம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதைத்தான்: கேட்டவைகளை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவி என்றார்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. பணம் போகப் போக, பள்ளி யாருடையது என்பது கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடுகிறது. பாடத்திட்டம், சேர்க்கை, யாரை முதல்வராக வைப்பது என எல்லாவற்றிலும் அனுப்புகிறவர்களின் விருப்பம் முன்னே நிற்கும். யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்துப் பேசினால் காசோலை வரும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே பார்த்துப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

இது புதிய கவலையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தில் ஹென்றி வென்னும், அமெரிக்க மிஷன் போர்டில் ரூஃபஸ் ஆண்டர்சனும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஓர் இடத்துச் சபை தன்னைத் தானே நிர்வகிக்க வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தானே சுவிசேஷத்தைக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் இந்திய ஊழியரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டது கூடியிருந்த பலரை நெளிய வைத்தது. நூறு ஆண்டுக்கு மேலாகியும், பணம் கொடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் அந்தப் பேச்சு கொஞ்சம் சுடும்.

கட்டடத்தில் தொடங்குவது

காணிக்கை திரட்ட மிக எளிதான விஷயம் கட்டடம். படம் காட்டலாம், அடிக்கல் நாட்டலாம், பிரதிஷ்டைக்குப் போய் வரலாம். ஆசிரியருக்குச் சம்பளம் என்றால் யாரும் அவ்வளவு உற்சாகமாகக் கொடுப்பதில்லை. ஆனால் பள்ளியை நடத்துவது சம்பளமும் புத்தகமும் மாணவர் சாப்பாடும்தான். கட்டடம் ஒருமுறைச் செலவும் இல்லை. மின்சாரம், கூரை, தண்ணீர், காவலாளி என்று அது ஒவ்வொரு ஆண்டும் கை நீட்டும். பெரிய விடுதி கட்டிவிட்டு, அதை நிரப்புவதற்காகவே தகுதியில்லாதவர்களைச் சேர்க்கும் நிலைக்கு வந்த பள்ளிகள் உண்டு.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. விடுதியில் தங்கி மூன்று வருஷம் படிக்க யாரால் வர முடியும்? பெரும்பாலும் இளைஞர்களால், கல்யாணம் ஆகாதவர்களால், இன்னும் எந்தச் சபையையும் நடத்திப் பார்க்காதவர்களால். ஏற்கெனவே சபையை நடத்துகிற, நிலமும் குடும்பமும் உள்ள நாற்பது வயதுக்காரரால் வர முடியாது. பயிற்சி அவசரமாகத் தேவைப்படுவது அவருக்குத்தான்.

குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி இதே சுவரில் முட்டியது. தலைநகரிலிருந்து கிராமப் பகுதிக்குப் பள்ளியையே மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் வீட்டை விட்டு வர முடிந்தவர்கள்தான் வந்தார்கள். 1963இல் வழியைத் திருப்பினார்கள்: மாணவர் வீட்டிலிருந்தே பாடநூலை வைத்துப் படிப்பார், ஆசிரியர் குறிப்பிட்ட மையங்களுக்குப் போய் அவர்களைச் சந்திப்பார். ஜேம்ஸ் எமெரி, ரால்ஃப் வின்டர், ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் வளர்த்த இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. கொரியாவில் பியோங்யாங் நகரில் 1901இல் தொடங்கிய பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி வேறு விதமாகச் செய்தது. ஆண்டில் சில மாதம் வகுப்பு, மீதி மாதங்கள் சபை ஊழியம். முதல் ஏழு பேர் 1907இல் பட்டம் பெற்றார்கள். இரண்டிலும் படிப்பும் ஊழியமும் பிரியவில்லை.

வளாகமே கூடாது என்று சொல்லவில்லை. எபிரெயு, கிரேக்கம் கற்றுத்தர, நல்ல நூலகம் வைக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் கட்டடத்துக்குப் பணம் கேட்டு ஒரு கடிதம் வந்தால், அதை எப்படிப் பராமரிப்பீர்கள், அந்தச் செலவில் உள்ளூர்ச் சபைகளின் பங்கு என்ன என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்வரை பொறுத்திருப்பதில் தவறில்லை.

ஒரு வாரப் பேராசிரியர்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு போதகர் பத்து நாள் விடுப்பில் வருகிறார், ஒரு பாடம் நடத்துகிறார், போகிறார். அவருக்கு மனநிறைவு, அனுப்பிய சபைக்கும் மனநிறைவு. பள்ளிக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் பல சமயம் ரோமர் நிருபம்தான். வருகிறவர்கள் எல்லாம் தங்களிடம் தயாராக இருக்கும் பாடத்தையே கொண்டுவருவதால், ஒரே மாணவர் குழு ரோமரை மூன்று முறை கேட்டிருக்கும். பழைய ஏற்பாட்டு வரலாற்றையோ, சபைக் கணக்கு எழுதுவதையோ, குடும்பத் தகராறில் ஆலோசனை சொல்வதையோ யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வைத்து நடத்தும் வகுப்பில் நேரம் பாதியாகிவிடும். ஆறு மணி நேரப் பாடம் என்றால் மூன்று மணி நேரப் பொருள்தான் போய்ச் சேரும். வந்தவருடைய நகைச்சுவையும் அவர் ஊர் உதாரணங்களும் அங்கே செல்லாது. மாணவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். அதை வைத்துப் பாடம் புரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

போகக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எந்தப் பாடம் வேண்டும், எந்த மாதம் வேண்டும் என்று முதல்வரிடம் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளூர் ஆசிரியர் ஒருவர் கூடவே உட்கார்ந்து, அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை அவரே எடுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதே ஆள் ஐந்து வருஷம் தொடர்ந்து போனால், ஐந்து வெவ்வேறு ஆட்கள் போவதைவிடப் பயன் அதிகம். அப்புறம், விருந்தினரை அழைத்து வரவும் தங்க வைக்கவும் உபசரிக்கவும் பள்ளி செலவழிக்கும் நேரத்தையும் பணத்தையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஒரே மனிதரின் கையில் பணம்

இங்கேதான் உறவுகள் உடைகின்றன. வழக்கமான கதை இப்படிப் போகும்: ஒரு மாநாட்டில் ஒரு நல்ல ஊழியரைச் சந்திக்கிறோம். சாட்சி நன்றாக இருக்கிறது. அவர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பத் தொடங்குகிறோம். முதல்வர் அவர், பொக்கிஷதாரர் மனைவி, செயலர் மைத்துனர். நிலப் பத்திரம்கூட அவர் பெயரில்தான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் இறந்தாலோ மனம் மாறினாலோ பள்ளி ஒரு குடும்பச் சொத்தாக நின்றுவிடும். நேர்மையானவரையும் இந்த ஏற்பாடு சந்தேகத்தின் நிழலில்தான் நிறுத்தும்.

பவுலிடம் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. எருசலேம் சபைக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது, கொரிந்து சபையார் தகுதியானவர்கள் என்று எண்ணும் ஆட்களையே அனுப்புவதாகச் சொன்னார். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லாதபடி எச்சரிக்கையாய் இருக்கிறோம் என்றும் இரண்டாம் நிருபத்தில் எழுதினார். அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டது என்றால், நாம் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

கேட்க வேண்டியவை எளியவைதான். பள்ளி அந்த நாட்டுச் சட்டப்படி பதிவான அமைப்பா? நிர்வாகக் குழுவில் முதல்வரின் உறவினர் அல்லாதவர்கள் பெரும்பான்மையா? அந்தப் பகுதிச் சபைகளின் பிரதிநிதிகள் இருக்கிறார்களா? வங்கியில் இருவர் கையெழுத்திட வேண்டுமா? ஆண்டுக் கணக்கை வெளித் தணிக்கையாளர் பார்க்கிறாரா? புதிய உறவானால், இவை சரியாகும்வரை சிறிய தொகையோடு நிறுத்திக்கொள்வதே இருவருக்கும் நல்லது.

இதன் எதிர்ப்பக்கமும் ஒரு தவறுதான். ஐந்து நாட்டுச் சபைகள் ஒரே பள்ளியைத் தாங்கி, ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அறிக்கைப் படிவம் வைத்திருந்தால், முதல்வர் கற்பிப்பதை விட்டுவிட்டு எழுத்தராகிவிடுவார். தாங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசி, பள்ளி ஏற்கெனவே தயாரிக்கும் ஒரே ஆண்டறிக்கையையும் ஒரே தணிக்கையையும் ஏற்றுக்கொள்ளலாம். நம்பிக்கையின்மையை ரசீதால் ஈடுகட்ட முடியாது. நேரில் போய்க் குழுவோடு உட்கார்ந்து பேசுவதற்கு வேறு மாற்று கிடையாது.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. மாணவரிடம் எதுவும் வாங்க வேண்டாம், முழுச் செலவும் எங்களுடையது என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார்கள். அதோடு மாணவரை அனுப்பும் உள்ளூர்ச் சபைக்கு அவர் மேல் இருந்த பொறுப்பு போய்விடும். படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம், கைச்செலவுக்கும் பணம் என்றால் ஊழிய அழைப்பே இல்லாதவர்களும் வருவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வேலை இல்லாத இடத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். சபையின் பரிந்துரைக் கடிதமும், சிறிதானாலும் சபையின் பங்கும் இருக்க வேண்டும். அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தானியமாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். சீனாவில் ஊழியம் செய்த ஜான் நெவியஸ் 1890இல் கொரியாவுக்குப் போய் அங்கிருந்த இளம் மிஷனரிகளிடம் வலியுறுத்தியது இந்தத் திசையைத்தான். ஊழியரை உள்ளூர்ச் சபையே தாங்கட்டும், ஆலயத்தை அவர்களே தங்கள் சக்திக்கேற்பக் கட்டட்டும் என்றார். கொரியச் சபையின் வளர்ச்சிக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழைச் சபைகளால் கொடுக்க முடியாது என்ற பேச்சை அந்த வரலாறு நன்றாகவே அசைத்துவிடுகிறது.

பட்டம் பெற்றவர்களுக்கும் மாதச் சம்பளம் தருகிறோம் என்று வெளியிலிருந்து வாக்குக் கொடுப்பது இதன் அடுத்த படி. அப்படிச் செய்தால் அந்தப் போதகர் கணக்கு ஒப்புவிப்பது தன் சபைக்கு அல்ல, கடல் தாண்டி இருக்கும் அலுவலகத்துக்கு. சபையும் அவரைத் தன் போதகராகப் பார்க்காது.

மேற்படிப்புக்கு வெளியே அனுப்புவது

மிகத் திறமையான மாணவரைத் தேர்ந்தெடுத்து மேல்நாட்டில் முனைவர் பட்டம் படிக்க வைக்கிறோம். ஐந்தாறு ஆண்டுகளில் பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகிறார்கள், ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், அங்கேயே ஒரு சபை அவரை அழைக்கிறது. திரும்பி வராததற்கு அவரைக் குறை சொல்வது எளிது. ஏற்பாட்டைப் போட்டவர்கள் நாம்தானே? அவர் எழுதிய ஆய்வும் பெரும்பாலும் அந்த நாட்டு நூலகத்தின் கேள்விகளுக்கான பதிலாகவே இருக்கும்.

1957 டிசம்பர் இறுதியில் கானாவில் கூடிய சர்வதேச மிஷனரி கவுன்சில், இறையியல் கல்விக்கென்று ஒரு தனி நிதியைத் தொடங்கியது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் இருந்த கல்லூரிகளை அவை இருக்கும் இடத்திலேயே பலப்படுத்துவதுதான் அதன் எண்ணம். பின்னாளில் அதை வழிநடத்திய தைவான்காரர் ஷோகி கோ, இறையியல் கல்வி அந்தந்தச் சூழலில் வேர்விட வேண்டும் என்பதையே தன் வேலையாக வைத்திருந்தார். இன்று அதே பகுதியிலேயே, அண்டை நாட்டிலேயே, முதுகலையும் முனைவர் பட்டமும் தரும் நல்ல கல்லூரிகள் பல இடங்களில் உண்டு. குடும்பத்தை வேரோடு பிடுங்காமல், விடுமுறையில் போய்ப் படித்துவரும் ஏற்பாடுகளும் உண்டு. முதலில் அங்கே பாருங்கள். வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், திரும்பி வந்ததும் அவருக்கு என்ன பணி, என்ன சம்பளம் என்பதைப் புறப்படும் முன்பே பள்ளிக் குழு எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். வந்தபின் வேலை இல்லை என்பதால் போனவர்களும் இருக்கிறார்கள்.

சிறியவை, ஆனால் சேதம் பெரியது

பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்புவது. துறைமுகக் கட்டணமும் சுங்கமும் பள்ளியின் தலையில் விழும், புத்தகமோ மாணவருக்குத் தெரியாத மொழியில் இருக்கும். அதே பணத்தில் அவர்கள் மொழியில் ஒரு வேத விளக்க நூலை அச்சிடலாம்.

மாணவர்களின் முகத்தையும் பெயரையும் ஊரையும் செய்திமடலிலும் சமூக வலைத்தளத்திலும் போடுவது. மதம் மாறுவது ஆபத்தாக இருக்கும் நாடுகளில் இது விளையாட்டல்ல. இங்கே நமக்கு ஒரு ஜெபக் குறிப்பு, அங்கே அவருக்கு வீட்டு வாசலில் ஒரு கும்பல்.

எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதை மட்டும் கேட்பது. அப்படிக் கேட்டால் அந்த எண் கூடும். மூன்று வருஷம் கழித்து எத்தனை பேர் ஊழியத்தில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அவர்களின் சபையார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், உரையாடலே மாறிவிடும்.

போதகரின் மனைவியையும் சபையில் ஊழியம் செய்யும் பெண்களையும் பயிற்சிக்கு வெளியே நிறுத்துவது. பல சபைகளில் சிறுவர் ஊழியமும் வீட்டு ஜெபக் கூட்டமும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

சட்டத்தைப் பக்தியால் தாண்டலாம் என்று நினைப்பது. சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுப்பது பல நாடுகளில் விதிமீறல். மாட்டினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணை பள்ளிக்குத்தான். வெளிநாட்டுப் பணத்துக்கும் அப்படியே. இந்தியாவை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற அமைப்பு வெளிநாட்டு நன்கொடையை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் அதற்கான கணக்கில்தான் முதலில் வாங்க முடியும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பெட்டியில் ரொக்கம் கொண்டுபோய்க் கொடுத்தால் பள்ளியின் பதிவே போகலாம்.

நிறுத்தும் விதம்

எந்த உதவியும் ஒரு நாள் நிற்கும். பணம் அனுப்பும் சபையில் போதகர் மாறுவார், மிஷன் குழு மாறும், வேறு நாட்டின் மேல் பாரம் வரும். கல்வியாண்டின் நடுவில் ஒரு மின்னஞ்சலோடு நிறுத்துவதுதான் மோசம், சேர்ந்த மாணவரையும் நியமித்த ஆசிரியரையும் அது நடுவழியில் விட்டுவிடும். தொடக்கத்திலேயே எத்தனை ஆண்டு, எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து எவ்வளவு குறையும் என்று இரு பக்கமும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். சேர்ந்துவிட்ட மாணவர் படிப்பை முடிக்கும்வரை அவருக்கான உதவியைக் குறைப்பதில்லை என்று ஒரு வரியும் அதில் இருக்கட்டும். குறையும் தொகையை ஈடுசெய்யப் பள்ளி உள்ளூர்ச் சபைகளை நாட வேண்டிவரும். அந்தப் பேச்சு, பணம் நிற்கப்போகும் ஆண்டில் தொடங்கினால் தாமதம். முதல் தவணை போகும்போதே தொடங்கிவிட வேண்டும்.