சாகுபடியைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும் முறை

எழுபதைத் தொட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். காவிரி டெல்டாவில் யாரும் விவசாயத்திலிருந்து ஓய்வு பெறுவதில்லை. கண்புரை வந்த பிறகும் வரப்பில் நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருப்போம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு வேலிக்கு (இருபது மா, அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்) கொஞ்சம் குறைந்த நிலம் எங்களுடையது. கணவர் காலமான பிறகு நான்தான் சாகுபடி செய்துவந்தேன். இப்போது மகன் செய்கிறான். எதை முதலில் கொடுப்பது, எதைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் வேலையைக் கொடுத்துவிட்டுப் பணத்தை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். மருந்தடிப்பது மகன், மருந்துக்குக் காசு எண்ணிக் கொடுப்பது அப்பா. நாற்பது வயதுக்காரனை இப்படி நடத்தினால் அவன் சம்பளமில்லாத பண்ணையாள்தான். பணத்தை முதலில் கொடுங்கள். உழவு, விதை, உரம், நடவு, அறுவடை இயந்திர வாடகை என ஒரு போகத்தின் முழுச் செலவும் அவன் கையில் இருக்கட்டும். நெல் விற்ற வரவையும் அவனே கணக்குப் பார்க்கட்டும்.

அந்த முதல் போகம் ஜூனில் தொடங்கும் குறுகிய காலக் குறுவையாக இருப்பது நல்லது. நீண்ட காலப் போகமான சம்பாவில் சி.ஆர். 1009 நெல் ரகம் போட்டால் ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்; நாற்றங்காலில் விட்ட பிசகு தை மாதத்தில்தான் முழுதாகத் தெரியும். குறுவை 110 நாளில் பதில் சொல்லிவிடும். சொன்ன பதில் பிடிக்காவிட்டாலும் அதே வயலில் அடுத்த போகமான தாளடிக்கு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கிற ஆண்டாகப் பாருங்கள். 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில், ஆழ்துளைக் கிணற்று வசதியும் இல்லாத வயலில், புது ஆளைக் குறுவைக்கு இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை.

அடுத்தது வாய். கடினமானது இதுதான். நாம் இருபத்தைந்து நாள் நாற்றைப் பறித்து முடிகளாக, அதாவது சிறு கட்டுகளாகக் கட்டிப் பழகியவர்கள். அவன் பதினைந்து நாள் நாற்றைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்து நடவு இயந்திரத்தில் வைப்பான். நட்ட வயலைப் பார்த்தால் பயிர் இருப்பதே தெரியாது. அப்போது பேசாதீர்கள். ஆட்கள் முன்னால் ஒருபோதும் பேசாதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். யோசனை சொல்வதற்கு அனுமதி இல்லை.

வயது நம் பார்வையை மாற்றிவிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் பக்கத்து வயலில் மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதே என் தூக்கத்தைக் கெடுத்தது. 2016-17 வறட்சியில் சம்பா கண்ணெதிரே காய்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. இரண்டுக்கும் பிறகு அதே மண்ணில் நட்டோம், அறுத்தோம். இன்று மாவுக்கு ஒரு மூட்டை குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்குகிறது. மகனுக்கு இறங்குவதில்லை. இறங்காதுதான், கூட்டுறவுச் சங்கக் கடனுக்குத் தவணை கட்டுகிறவன் அவன். நம் நிதானத்தில் பாதி அனுபவம், மறுபாதி கடன் நம் தலையில் இல்லாதது. ஆகவே ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவனிடம் ஞானம் பேசாதீர்கள்.

எல்லாவற்றிலும் தொலைநோக்கு வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். கஜாவுக்குப் பிறகு கொல்லையில் கன்று வைக்கும்போது, பேரப்பிள்ளைகளுக்காக நெட்டை ரகம் வையுங்கள் என்றார்கள். நான் மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும் குட்டை ரகம்தான் வைத்தேன். இளநீரை நானல்லவா குடிக்க வேண்டும்!

பத்திரத்துக்கு வருவோம். சாகுபடியைக் கொடுப்பது வேறு, நிலத்தைக் கொடுப்பது வேறு. உயிலாக எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. செட்டில்மெண்டாக, அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மீறினால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டிக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மகளைக் கூப்பிட்டுப் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அவளும் நம் பிள்ளைதானே.

கடைசியாக, உங்களுக்கென்று ஒரு வேலையைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காயும் நெல்லுக்குக் காக்கை ஓட்டுவது வேலையில் சேராது. நீங்கள் செய்யாவிட்டால் வீட்டுக்கு நட்டம் வர வேண்டும், அதுதான் வேலை. நான் விதைநெல்லை வைத்துக்கொண்டேன். அறுவடைக்கு முன்பே கலப்புக் கதிர்களை நீக்குவது, தனியாக அடித்துக் காயவைப்பது, நொச்சி இலை போட்டுக் கட்டிவைப்பது எல்லாம் என் பொறுப்பு. விதைக்கும் முன் வாளித் தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, அது மேலே வந்து ஓர் எட்டணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டும்வரை உப்பைக் கரைப்பேன். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் மகன் தலையிட்டால் அவனுக்கும் ஒரே ஒரு கேள்விதான். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு ஊறப்போடுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.