கிட்டார் நெக் மூட்டு: உள்ளே இறுக்கம் பார்க்கிறோம், தோளைப் பார்ப்பதில்லை

பொள்ளாச்சி தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரைக்கும் நம் பக்கத்தில் மரவேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. தேக்கும் ஈட்டியும் அறுத்துப் பழகிய ஆசாரிமார் இருக்கிறார்கள், அவர்களிடம் ஆறு மாதம் நின்று பழகிய பையன்கள் அகூஸ்டிக் கிட்டார் செய்ய இறங்கினால் பாடி அருமையாக வந்துவிடுகிறது. சிக்கல் வருவது நெக்கை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தை, பாடியோடு சேர்க்கும் இடத்தில்தான். கதவு நிலைக்குக் காடி (கட்டை நுழையும் பள்ளம்) எடுத்துப் பழகிய கை, கழுந்து (அந்தப் பள்ளத்தில் நுழையும் முனை) உள்ளே இறுக்கமாகப் போனால் மூட்டு சரி என்று நினைத்துக்கொள்கிறது. கிட்டாரில் அது போதாது.

ஏன் என்றால், சாதாரண லைட் கேஜ் (மெல்லிய ரக) ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பில் நெக் முன்பக்கமாக மடங்கப் பார்க்கும். ஹீலின் (நெக்கின் தடித்த அடிப்பகுதி) இரண்டு பக்கமும் பாடியோடு உட்காரும் தோள் முழு நீளத்துக்கும் பொருந்தி நின்றால்தான் நெக் சாயும் கோணம் அப்படியே நிற்கும். போல்ட் போட்டு இழுக்கும் மூட்டில் கழுந்து காடிக்குள் ஒரு மயிரிழை ஆடினால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது, தோளில் இடைவெளி இருந்தால் கெட்டது. புறா வால்போல் விரிந்த கழுந்து உள்ள டவ்டெயில் மூட்டில் உள்பக்கமும் பிடிக்க வேண்டும், அதனால் அங்கே வேலை இரட்டிப்பு. முதல் கிட்டாருக்கு டவ்டெயில் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி டவ்டெயிலைப் பிடித்துக்கொண்டு பேர் வாங்கியது உண்மை, ஆனால் டெய்லர் கம்பெனி போல்ட் போட்டே உலகம் முழுக்க விற்கிறது.

கோணத்துக்கு வருவோம். பலரும் 1 டிகிரி, 1.5 டிகிரி என்று எங்கோ பார்த்த எண்ணை ஜிக்கில் (வெட்டும் கோணத்தைப் பிடித்துத்தரும் சட்டத்தில்) வைத்து, பாடியை அளக்காமலேயே ரூட்டரை (மரம் வெட்டும் மெஷினை) ஓட்டிவிடுகிறார்கள். மேல்பலகையின் வளைவு, ஃபிரெட்போர்டின் (நெக்கின் மேல் ஒட்டும் விரல்பலகை) தடிமன், பிரிட்ஜின் (பாடியில் கம்பியைப் பிடிக்கும் கட்டை) உயரம் மூன்றும் சேர்ந்துதான் உங்கள் கோணத்தை முடிவு செய்யும். ஃபிரெட் (விரல்பலகையின் குறுக்கு உலோகப் பட்டை) அடித்த நெக்கை வைத்து, நேரான இரும்பு ஸ்கேலை ஃபிரெட்டுகள் மேல் படுக்கவைத்து நீட்டினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்பரப்பைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். பிரிட்ஜ் 9.5 மில்லிமீட்டர் உயரம் என்றால் அந்த இடத்தில் ஸ்கேல் மேல்பலகையிலிருந்து 9.5 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும், ஒரு துளி மேலே நின்றால் நல்லது, கம்பி ஏற்றியதும் பலகை கொஞ்சம் எழும்பும். ஃபிரெட் இன்னும் அடிக்கவில்லை என்றால் ஃபிரெட்டின் உயரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

தேய்ப்பதில்தான் அவசரம் அதிகம். 14-ஆவது ஃபிரெட்டில் பாடி சேரும் கிட்டாரில் மூட்டிலிருந்து சாடில் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் மேடு) வரை 28 சென்டிமீட்டருக்கு மேல் வரும், ஹீலின் ஆழமோ 10 சென்டிமீட்டருக்குள். அதனால் ஹீலின் அடிமுனையில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் பிரிட்ஜில் ஸ்கேல் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறிவிடும். உளியைப் போட்டு ஒரே சீவாகச் சீவுகிற இடம் இல்லை இது. முதலில் தோளின் உள்பக்கத்தை மட்டும் உளியால் கொஞ்சம் பள்ளமாக்கி, வெளி ஓரத்தில் 3 மில்லிமீட்டர் விளிம்பை விட்டுவையுங்கள். அப்புறம் 120 நம்பர் உப்புத்தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, சொரசொரப்புப் பக்கம் ஹீலைப் பார்க்க இடையில் வைத்து, நெக்கைப் பாடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளை மெதுவாக உருவ வேண்டும். பாடியின் வடிவத்துக்கே தோள் தேய்ந்து வரும். அடிமுனையில் அதிகம், மேலே ஃபிரெட்போர்டுக்குப் பக்கத்தில் தொடவே கூடாது. அங்கே தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற சந்து விழும். நாலு உருவலுக்கு ஒரு தடவை தூசியை ஊதிவிட்டு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுக்கோட்டையும் அதே நேரத்தில் பாருங்கள்: கோடு பிரிட்ஜில் எந்தப் பக்கம் விலகி விழுகிறதோ, அந்தப் பக்கத் தோளில்தான் தேய்க்க வேண்டும். யோசிக்காமல் எதிர்ப்பக்கம் தேய்த்தவர்கள் கோணலை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

தோள் தேயத் தேய நெக் பாடிக்குள் நகரும். ஆகவே நெக் உட்காருவதற்கு முன்னால் பிரிட்ஜை ஒட்டாதீர்கள். வரைபடத்தில் போட்ட இடத்தை நம்பி ஒட்டினால் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) சாடில் வரையுள்ள கம்பி நீளம் குறைந்து, சுருதி கடைசி வரை சேராது. நெக் பொருந்தியபின் நட்டிலிருந்து அளந்து, பிறகுதான் பிரிட்ஜ்.

நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் காற்று, மார்கழி, தையில் எதிர்த்திசையிலிருந்து வறண்ட காற்று. சாரலில் மேல்பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும், பிரிட்ஜ் இடம் உயர்ந்திருக்கும். அன்றைக்கு அளந்து கோணம் வைத்தால் நெக்கைத் தேவைக்கு மேல் பின்னால் சாய்த்துவிடுவீர்கள், தை மாதம் பலகை இறங்கியதும் கம்பி ஃபிரெட்டில் உரசிப் பொரியும். ஈரப்பதமானி விலை குறைவுதான், ஒன்று வாங்கிப் பட்டறையில் மாட்டுங்கள். 45 முதல் 50 சதவீதம் காட்டும் நாளில் அளங்கள், அல்லது பாடியையும் நெக்கையும் ஒரு மூடிய அலமாரியில் சின்ன பல்பு போட்டு அந்த அளவுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்துவிட்டு அளங்கள்.

மேல்பலகையில் ஃபிரெட்போர்டின் நாக்கு, அதாவது பாடிமேல் நீளும் முனை, படியும் பகுதியையும் கவனிக்காமல் விடுகிறார்கள். வளைவோடு விட்டால் 14-ஆவது ஃபிரெட்டில் மேடு தட்டும், அதைத் தட்டையாக்கிவிட்டுத்தான் கோணமே பார்க்க வேண்டும்.

போல்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மரையுள்ள பித்தளை இன்சர்ட்டைக் கழுந்தின் முனையில் நேராகத் திருகினால் அது மரத்தின் நார் ஓடும் திசையிலேயே போகும், பிடிப்பு குறைவு, இறுக்க இறுக்கப் பிய்த்துக்கொண்டு வரும். கழுந்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக, ஈட்டியிலோ வேறு கெட்டி மரத்திலோ ஒரு உருளைக் கட்டையை ஒட்டி வைத்து அதில் திருகுங்கள், அல்லது போல்ட் ஏறும் மரையுள்ள குறுக்கு நட்டு போடுங்கள்.

ஃபிரெட்போர்டு நாக்கைப் பலகையோடு ஒட்டுவதற்கு முன்னால், போல்ட்டை மட்டும் முறுக்கி இரண்டு ஓரத்து ஈ கம்பிகளையும் ஏற்றி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரமான ஆக்‌ஷனை அளங்கள். திருத்த வேண்டியிருந்தால் அப்போது இரண்டு போல்ட் கழற்றினால் போதும்.