‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’: வெளிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன இடத்தில் ஒரு கடைக்காரர் வரி ஏய்த்தால் அது அவருக்கும் அவர் அரசுக்கும் உள்ள விவகாரம், நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் பல நாடுகளில் நாம் கொடுக்கும் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. பொதுவான மதிப்புக் கூட்டு வரி கிரேக்கத்தில் 24 சதவீதம், இத்தாலியில் 22, ஜெர்மனியில் 19. விற்பனையைக் கணக்கில் காட்டாவிட்டால் அந்தப் பணம் கடைக்காரரின் பைக்குள் போய்விடும்.

ரொக்கமாகக் கொடுப்பதில் தப்பே இல்லை. கார்டு கட்டணம் மிச்சமாகிறதென்று நேர்மையாகவே விலை குறைப்பவர்களும் உண்டு. குறைத்த விலைக்கு பில் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். ‘பில் கிடையாது’ என்றால் அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறதென்று புரிந்துவிடும். அப்புறம் பொருளில் பழுது வந்தால் மாற்றிக் கேட்கவும் கையில் ஒன்றும் இருக்காது.

‘கார்டு மெஷின் வேலை செய்யவில்லை’ என்பதும் அடிக்கடி காதில் விழும். இத்தாலியில் கார்டை ஏற்க மறுக்கும் வியாபாரிக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதம் உண்டு: 30 யூரோ, அதோடு பில் தொகையில் 4 சதவீதம். மெஷின் நிஜமாகவே பழுதாகியிருக்கலாம். எனவே சண்டை வேண்டாம், ரொக்கம் கொடுத்து ரசீதை வாங்குங்கள்.

பலரும் ஏமாறுவது உணவகத்தில்தான். மேஜைக்கு வரும் எல்லாச் சீட்டும் ரசீது அல்ல. இத்தாலியில் ‘பிரெகோந்தோ’ என்றோ ‘நோன் ஃபிஸ்காலே’ என்றோ அச்சிட்ட சீட்டு வெறும் கணக்குதான். வரித்துறைக்குப் பதிவாகும் ரசீதில் ‘தொகுமெந்தோ கொமெர்சியாலே’ என்று இருக்கும். பணம் கொடுத்த பிறகு வர வேண்டியது அதுதான். முன்பெல்லாம் அங்கே ரசீதில்லாமல் வெளியே வந்தால் வாடிக்கையாளருக்கே அபராதம் விழும்; 2003இல் அதை எடுத்துவிட்டார்கள். கிரேக்கத்திலோ, ரசீது தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று கடையிலேயே அறிவிப்பு வைத்திருப்பார்கள்.

ரசீதை நாமே வேண்டாம் என்று சொல்லிவிடுவது இன்னொரு பழக்கம். தைவானில் அப்படிச் சொன்னால் நஷ்டம் நமக்கு. அங்கே 1951 முதல் கடை ரசீதின் எண்ணுக்கே பரிசுக் குலுக்கல் நடக்கிறது. சுற்றுலாப் பயணிக்கும் பரிசு விழலாம். மக்களை ரசீது கேட்க வைக்க இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

சரி, சுற்றுலாப் பயணி தான் வாங்கி ஊருக்கு எடுத்துச் செல்லும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் இடத்துக்கு வருவோம். இங்கே ஏய்ப்பவர் நாமாகவே ஆகிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய பொருள், வாங்கிய மாதம் முடிந்து மூன்று மாதங்களுக்குள் நம்மோடு வெளியேற வேண்டும். கிளம்பும்போது சுங்கத்துறை கேட்டால் காட்டவும் வேண்டும். அங்கேயே குடியிருக்கும் நண்பர், “உன் பாஸ்போர்ட்டில் ஒரு கேமரா வாங்கித் தா, வரி மிச்சம்” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பொருள் அவரிடம் தங்க, நாம் மட்டும் வரியைத் திரும்ப வாங்கினால் அது மோசடி. சிக்கினால் பதில் சொல்ல வேண்டியது பாஸ்போர்ட் வைத்திருப்பவர்.

ஊர் திரும்பும்போது சுங்கவரி குறையட்டும் என்று விலையைக் குறைத்து பில் போடச் சொல்வதும் இதே கணக்குதான். கடைக்காரர் தானாகவே அப்படி எழுதித் தர முன்வந்தாலும், கொடுத்த தொகைக்கே பில் கேளுங்கள்.